காற்று எட்டாத இடத்தில் கரையும் இரும்பு

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் சட்டைப்பையில் ஒரு சிறு காந்தத்தையும் எடுத்துக்கொண்டு போவது வழக்கம். பெயின்ட்டில் கீறல் விழாமல் இருக்க அதை மெல்லிய துணியில் சுற்றிக்கொள்வார்கள். கதவின் அடிப்பாகம், மட்கார்டு விளிம்பு, சக்கர வளைவு, டிக்கியின் ஓரம் என்று வரிசையாக வைத்துப் பார்ப்பார்கள். உள்ளே தகடு இருந்தால் காந்தம் 'டக்'கென்று ஒட்டும். பட்டியைக் கனமாகப் பூசிய இடத்தில் பிடிப்பில்லாமல் நழுவும். நழுவினால், அங்கே ஓர் ஓட்டையை மூடி பெயின்ட் அடித்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம்.

அப்படி மூடிய இடத்தில் இரண்டு மழைக்காலம் போவதற்குள் மறுபடி கொப்புளம் கிளம்பும். பெயின்ட் மட்டம், பட்டி மட்டம் என்று காரின் சொந்தக்காரர் வேலை செய்தவரைக் குறை சொல்வார். விலை உயர்ந்த பட்டியைப் பூசியிருந்தாலும் கொப்புளம் வந்திருக்கும். ஏனென்றால், துரு கண்ணில் படுகிற இடத்தில் இரும்பு கரைவதில்லை. கரைகிற இடம் வேறு. இந்த ஒரு செய்தியைப் பிடித்துக்கொண்டால், வெட்டுவது, பற்றவைப்பது, தட்டுவது, பூசுவது என்று பழைய கார் பாடி வேலையின் ஒவ்வொரு படிக்கும் காரணம் விளங்கிவிடும்.

ஒரு சொட்டு உப்புநீர்

1920களில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் யூலிக் எவன்ஸ் என்ற வேதியியலாளர் ஓர் எளிய சோதனை செய்தார். தேய்த்துச் சுத்தமாக்கிய இரும்புத் தகட்டின் மேல் ஒரு சொட்டு உப்புநீரை விட்டார். அந்த நீரில் இரண்டு நிறங்காட்டிகளைக் கலந்திருந்தார். ஒன்று, இரும்பு கரைந்து வந்தால் நீலமாக மாறும் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு. மற்றது, காரம் உண்டானால் இளஞ்சிவப்பாக மாறும் பினால்ப்தலீன்.

முதலில் நீலமும் சிவப்பும் சொட்டு முழுக்கப் புள்ளி புள்ளியாகத் தோன்றின. கொஞ்ச நேரத்தில் அவை இடம் பிரிந்துகொண்டன. சொட்டின் நடுவே நீலம். விளிம்பைச் சுற்றி இளஞ்சிவப்பு. இரண்டுக்கும் இடையில் பழுப்பு வளையமாகத் துரு.

சொட்டின் விளிம்பில் நீர் மெல்லிய படலமாக இருப்பதால் காற்றின் ஆக்சிஜன் உடனுக்குடன் தகட்டை எட்டிவிடும். நடுவில் நீர் தடிப்பு. அங்கே இருந்த ஆக்சிஜன் தீர்ந்துபோனால் புதிதாக வந்து சேர நேரமாகும். இந்த ஏற்றத்தாழ்வு ஒரே தகட்டை ஒரு மின்கலமாக்கிவிடுகிறது. நடுவில் உள்ள இரும்பு தன் எலக்ட்ரான்களை விட்டுவிட்டு அயனியாக நீரில் கரைகிறது. அந்த எலக்ட்ரான்கள் தகட்டின் வழியே விளிம்புக்குப் போகின்றன. அங்கே ஆக்சிஜனும் நீரும் அவற்றை வாங்கிக்கொண்டு ஹைட்ராக்சைடு ஆகின்றன. நடுவிலிருந்து வரும் இரும்பு அயனியும் விளிம்பிலிருந்து வரும் ஹைட்ராக்சைடும் வழியில் சந்தித்து, இன்னும் கொஞ்சம் ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு துருவாகப் படிகின்றன.

ஆக்சிஜன் இல்லாமல் துரு இல்லை. ஆனால் இரும்பை இழப்பது ஆக்சிஜன் குறைந்த இடம்தான். கார் பாடியில் அப்படிப்பட்ட இடங்கள் ஏராளம். இரண்டு தகடுகளை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி ஸ்பாட் வெல்டிங் செய்த மடிப்பு, சக்கர வளைவுக்குள் அப்பிக்கொண்ட சேறு, தரை விரிப்புக்குக் கீழே ஊறிக் கிடக்கும் சணல் மெத்தை, கண்ணாடியைச் சுற்றிய ரப்பர் பீடிங்கின் அடிப்பக்கம் எல்லாமே ஈரம் நுழைந்து காற்று நுழையத் திணறும் இடங்கள்.

ஈரத்தில் உப்பும் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். கரைந்த இரும்பு அயனிகளின் மின்னூட்டத்தை ஈடுகட்ட, உப்பிலுள்ள குளோரைடு அயனிகள் அந்த இடுக்குக்குள் இழுக்கப்படுகின்றன. இரும்பு அயனி நீரோடு வினைபுரிந்து அமிலத்தை உண்டாக்குகிறது. வெளியே இருப்பதைவிட மிகக் கடுமையான அமிலச் சூழல் ஒரு மடிப்புக்குள் உருவாகி, குழி ஆழமாகிக்கொண்டே போகிறது. பெயின்ட்டில் கொப்புளம் தெரியும்போது, தகட்டின் பின்பக்கம் பல நாளாகவே அரித்துக்கொண்டிருந்திருக்கும்.

துருவுக்கு இடமும் அதிகம் வேண்டும். கரைந்த இரும்பின் கன அளவைப்போல் சுமார் மூன்று மடங்கு இடத்தை நீரேறிய இரும்பு ஆக்சைடு பிடிக்கிறது. மடிப்புக்குள் இந்த வீக்கம் ஸ்பாட் வெல்டுகளுக்கு இடையே தகட்டைப் பிளந்து விரிக்கும். விரிந்த இடத்தில் இன்னும் ஈரம் நுழையும். அலுமினியத்தின் ஆக்சைடு தன் உலோகத்தோடு நெருக்கமாக ஒட்டி அதைக் காக்கிறது. இரும்பின் துரு செதில் செதிலாக உதிர்ந்து, அடியிலுள்ள இரும்பை மறுபடி ஈரத்துக்குக் காட்டிக்கொடுக்கிறது.

வண்டலூர் ஹெரால்டும் உத்தரபாரா அம்பாசடரும்

எங்கே துரு பிடித்திருக்கிறது என்பதோடு, அந்த இடம் காரில் என்ன வேலை செய்கிறது என்பதும் முக்கியம். நமக்குத் தெரிந்த இரண்டு பழைய கார்களை ஒப்பிட்டால் இது தெளிவாகும்.

சென்னைக்குத் தெற்கே வண்டலூரில், ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961இல் ஸ்டாண்டர்டு ஹெரால்டைத் தயாரிக்கத் தொடங்கியது. இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் 1959இல் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டுதான் இதன் மூலம். வடிவமைத்தவர் இத்தாலியரான ஜோவான்னி மிக்கெலோட்டி. மற்ற கம்பெனிகள் தனிச் சட்டம் இல்லாத ஒற்றை உடல் கார்களுக்கு மாறிக்கொண்டிருந்த காலத்தில் ஹெரால்டு மட்டும் தனிச் சேசிஸோடு வந்தது. கார் பாடிகளை அழுத்தித் தந்துகொண்டிருந்த நிறுவனம் போட்டிக் கம்பெனியின் கைக்குப் போய்விட்டதால், பாடியைச் சிறுசிறு பகுதிகளாக வெவ்வேறு இடங்களில் செய்து போல்ட் போட்டுக் கோக்க வேண்டிய நிலைமை டிரையம்ப் ஹெரால்டை உருவாக்கிய கம்பெனிக்கு.

வேறு வழியில்லாமல் செய்த இந்த ஏற்பாடு, அறுபது ஆண்டு கழித்துப் பழுதுபார்ப்பவருக்குப் பெரிய வசதியாக இருக்கிறது. பானெட்டும் முன் மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்பக்கம் சாயும். போல்ட்டுகளைக் கழற்றினால் பாடியைச் சேசிஸிலிருந்து தூக்கி வைத்து, இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட ஈரம் என்ன செய்திருக்கிறது என்று நேராகப் பார்க்கலாம். ஹெரால்டில் முதலில் பார்க்க வேண்டியதும் அங்கேதான். சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள், பாடி உட்காரும் தாங்கிகள், அவற்றுக்கு மேலே வரும் தரைத் தகட்டின் ஓரங்கள் ஆகிய மூன்றும் ஒன்றாகவே அழுகும்.

மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையிலிருந்து பிறந்து, மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் 2014 வரை தயாரான அம்பாசடர் வேறு இனம். அதற்குத் தனிச் சேசிஸ் கிடையாது. தகடுகளை மடித்துப் பற்றவைத்த பெட்டி அமைப்பே முழு எடையையும் தாங்குகிறது. கதவுகளுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை நீளும் உள்கூடான பெட்டி, பார்ப்பதற்கு ஓர் ஓரப்பட்டை மாதிரி இருந்தாலும் காரின் முதுகெலும்பில் அது ஒரு பாதி. உட்கூடு, அடிப்பகுதி, ஈரம் தேங்கும் இடம் என்று துருவுக்கு வேண்டிய மூன்றும் அதற்கு உண்டு. அந்தப் பெட்டி கரைந்த காரில் நான்கு கதவையும் ஒருசேரத் திறந்து வைத்தால் நடுப்பகுதி லேசாகத் தொய்யும். கதவை மூடும்போது பூட்டு ஒன்றோடொன்று பொருந்தாது. கதவு இடைவெளி மேலே ஒரு அளவும் கீழே ஒரு அளவுமாக இருந்தால் சந்தேகப்பட வேண்டியது கதவுக் கீலை மட்டும் அல்ல.

ஆகவே மட்கார்டில் ஓட்டை விழுந்தால் அது அழகுப் பிரச்சினை. அம்பாசடரின் கதவடிப் பெட்டியில் ஓட்டை விழுந்தால் அது பாதுகாப்புப் பிரச்சினை. இரண்டையும் ஒரே பட்டி டப்பாவால் தீர்க்க முடியாது.

கடற்காற்று செய்யும் வேலை

மழையில் நனைந்தால்தான் துரு என்பதில்லை. காற்றின் ஈரப்பதம் சுமார் 60 சதவீதத்தைத் தாண்டினாலே இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் உருவாகி அரிப்பு வேகமெடுக்கும். உப்புத்தூள் படிந்திருந்தால் இன்னும் எளிது. சாதாரண உப்பு சுமார் 75 சதவீத ஈரப்பதத்தில் காற்றிலிருந்து நீரை இழுத்துத் தானே கரைந்துவிடும். கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்குச் சுமார் 33 சதவீதமே போதும். கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் மழைபடாத கொட்டகைக்குள் நிற்கும் கார் துருப்பிடிப்பதற்கு இதுதான் காரணம். கொட்டகை மழையைத் தடுக்கும். உப்பேறிய காற்றைத் தடுக்காது.

காரைக்குடியில் 1953 முதல் இயங்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம், நாட்டின் பல ஊர்களில் உலோகத் தகடுகளைத் திறந்தவெளியில் வைத்து, அவை இழக்கும் எடையை அளந்து, இந்தியாவுக்கு அரிப்பு வரைபடமே தயாரித்திருக்கிறது. ஒரே காரைக் கடலோர ஊரான மண்டபத்திலும் உள்நாட்டுக் கோவையிலும் நிறுத்தி வைத்தால் விதி ஒன்றாக இருக்காது என்பதை அந்த வரைபடத்தைப் பார்த்தாலே சொல்லிவிடலாம்.

எதுவரை வெட்டுவது?

ஓட்டையின் விளிம்போடு நிறுத்தக் கூடாது. அதைத் தாண்டி, இருபக்கமும் பளிச்சென்ற இரும்பு தெரியும்வரை, தகடு தன் முழுத் தடிப்போடு இருக்கும் இடம்வரை வெட்ட வேண்டும். அந்தக் காலத்துப் பாடித் தகடு 1 மில்லிமீட்டரை ஒட்டிய தடிப்புதான். அதில் பாதியைத் துரு தின்ற இடத்தில் வெல்டிங் நெருப்பு பட்டால் ஓட்டை இன்னும் பெரிதாகும்.

ஒற்றை உடல் காரில் வெட்டுவதற்கு முன்பு இன்னொரு வேலை இருக்கிறது. கதவுத் திறப்புக்குக் குறுக்கே இரும்புக் குழாயைத் தற்காலிகமாகப் பற்றவைத்து அளவை நிறுத்திக்கொள்ள வேண்டும். சக்கரத்தின் மேலேயே, அல்லது சக்கரம் தாங்கும் இடங்களிலேயே காரை நிறுத்த வேண்டும். நடுவில் ஜாக்கி கொடுத்துத் தூக்கிவிட்டுக் கதவடிப் பெட்டியை வெட்டினால், கோணலான கோலத்திலேயே கார் புதுத் தகட்டோடு இறுகிப்போகும். பெட்ரோல் டேங்கைக் கழற்றி வெளியே கொண்டுபோய் வைப்பதும் இந்த நேரத்தில்தான். நிறைந்த டேங்கைவிட ஆவி நிற்கும் காலி டேங்க் ஆபத்தானது.

புதுத் துண்டுக்கு சி.ஆர். ஷீட் எனப்படும் குளிர்நிலையில் உருட்டிய எஃகுத் தகடு நல்லது. ஜி.ஐ. ஷீட் துருவைத் தாங்கும் என்றாலும், அதன் துத்தநாகப் பூச்சு 907 பாகை செல்சியஸிலேயே கொதித்து ஆவியாகிவிடும். இரும்பு உருகவோ சுமார் 1500 பாகை வேண்டும். அதனால் வெல்டிங்கில் குமிழி விழும். அந்தப் புகையைச் சுவாசித்தவருக்கு அன்றிரவு குளிர்காய்ச்சல் மாதிரி வரும். பயன்படுத்தித்தான் ஆக வேண்டுமென்றால் பற்றவைக்கும் ஓரத்தில் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட வேண்டும்.

துண்டைப் பழைய தகட்டின் மேல் ஏற்றி வைத்துப் பற்றவைப்பது சுலபம். அங்கேதான் எவன்ஸின் சொட்டு குறுக்கே வருகிறது. ஒன்றின்மேல் ஒன்று ஏறிய தகடுகளுக்கு நடுவே ஒரு புது இடுக்கை நாமே உண்டாக்குகிறோம். வெளித்தகடுகளில் விளிம்போடு விளிம்பு பொருத்திப் பற்றவைப்பதே முறை. தரையில், ஏற்றிப் பற்றவைப்பது தவிர்க்க முடியாத இடத்தில், இடுக்கை முழுவதும் சீலன்ட் கொண்டு அடைத்தாக வேண்டும்.

ஒரே இழுப்பில் நீளமாகப் பற்றவைத்தால் தகடு அலையலையாகக் கோணும். உருகிய இடம் ஆறும்போது சுருங்கும். சுற்றிலுமுள்ள குளிர்ந்த தகடு அதற்கு இடம் கொடுக்காது. அந்த இழுபறிதான் கோணல். ஆகவே அனுபவஸ்தர்கள் இங்கே ஒரு புள்ளி, ஒரு சாண் தள்ளி இன்னொரு புள்ளி என்று மாற்றி மாற்றி வைத்து, ஆறவிட்டு, இடைவெளிகளை நிரப்பிக்கொண்டு வருவார்கள். கேஸ் வெல்டிங்கைவிட மிக் வெல்டிங் மெல்லிய தகட்டுக்கு உகந்தது என்பதும் இதனால்தான். அதன் சூடு சின்ன இடத்தோடு நின்றுவிடுகிறது.

தட்டுவதும் சுருக்குவதும்

டிங்கரிங் வேலையில் கை நுட்பத்துக்குப் பின்னால் நிறைய இயற்பியல் இருக்கிறது. எஃகு, ஓரளவு வளைத்தால் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பும். எல்லை தாண்டினால் வளைந்தபடியே நிற்கும். பெரிய நசுங்கலில் பெரும்பகுதி முதல் வகை. மடிந்து கோடு விழுந்த ஓரங்கள் மட்டுமே இரண்டாம் வகை. அந்த ஓரங்களை முதலில் விடுவித்தால் நடுப்பகுதி பெரும்பாலும் தானே எழும்பிவிடும். நசுங்கலின் நடுவில் ஓங்கி அடிப்பவர் இல்லாத சேதத்தைப் புதிதாகச் சேர்க்கிறார்.

நிரந்தரமாக வளையும்போது உலோகத்துக்குள் என்ன நடக்கிறது? 1934இல் டெய்லர், ஒரோவான், பொலானி ஆகிய மூவர் தனித்தனியே இதற்கு விடை கண்டார்கள். படிகத்தின் ஓர் அடுக்கு முழுவதும் ஒரே நேரத்தில் நகர்வதில்லை. அணு வரிசையில் உள்ள ஒரு பிசகு மட்டும் நகர்ந்துகொண்டே போகிறது. விரித்த ஜமுக்காளத்தை முழுசாக இழுக்காமல், ஒரு சுருக்கத்தை மட்டும் தள்ளிக்கொண்டே போய் மறு ஓரத்தில் இறக்கினால் ஜமுக்காளம் நகர்ந்திருக்குமே, அப்படி. தட்டத் தட்ட இந்தப் பிசகுகள் பெருகி, ஒன்றோடொன்று சிக்கி நகர முடியாமல் நிற்கும். தகடு கடினமாகிவிட்டது என்று டிங்கர் சொல்வது இதைத்தான். அதற்கு மேலும் தட்டினால் தகடு விரியும், கடைசியில் வெடிக்கும்.

விரிந்த தகட்டுக்குப் போதிய இடம் இல்லை. விரலால் அமுக்கினால் 'டொபுக்'கென்று உள்ளே போய், விட்டால் வெளியே வரும். அதைச் சுருக்குவதற்கு ஒரு சிறு வட்டத்தைச் சிவக்கக் காய்ச்சுவார்கள். 20 மில்லிமீட்டர் அகல வட்டம் 700 பாகை சூடேறினால் சுமார் 0.17 மில்லிமீட்டர் விரியப் பார்க்கும். சுற்றிலுமுள்ள குளிர்ந்த தகடு விடாது. பக்கவாட்டில் போக முடியாத இளகிய உலோகம் தடிப்பாகத் திரளும். ஆறும்போது அதே 0.17 மில்லிமீட்டர் சுருங்கும். இப்போது சுற்றியுள்ள தகட்டை உள்நோக்கி இழுத்துப் பிடிக்கும். வெல்டிங்கில் கோணலை உண்டாக்கிய அதே விசை இங்கே கோணலை எடுக்கிறது.

மிஞ்சும் சிறு மேடுபள்ளத்துக்கு அந்தக் காலத் தொழிற்சாலைகள் ஈயம் பூசின. 70 பங்கு ஈயமும் 30 பங்கு வெள்ளீயமும் கலந்த உலோகம் 183 பாகையில் இளகத் தொடங்கி, 250 பாகையைத் தாண்டிய பிறகே முழுவதும் உருகும். இடைப்பட்ட நேரத்தில் களிம்பாக இருக்கும் அதை மரக்கரண்டியால் வழித்துப் பரப்பலாம். ஈயம் தகட்டோடு ஒன்றிப் பிடிப்பதால் ஈரம் நுழைய வழியில்லை. ஆனால் ஈயத்தூள் நஞ்சு. தேய்க்கும்போது உப்புத்தாளால் தேய்க்காமல் அரத்தால் வழிக்க வேண்டும். இன்றைய பட்டி, பாலியெஸ்டர் பிசினில் டால்க் தூளைக் கலந்தது. அதுவும் நல்ல பொருள்தான். பளிச்சென்ற தகட்டின் மேல் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குள் பூசினால் பல்லாண்டு நிற்கும். ஓட்டையை மூடக் கம்பி வலையின் மேல் அப்பினால், பின்பக்கத்திலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு, துருவுக்குத் தீனி போடும்.

கடுக்காயும் பாஸ்பேட்டும்

எல்லாத் துருவையும் வெட்டி எடுக்க முடியாது. தகடு திடமாக இருந்து மேற்பரப்பில் மட்டும் குழி விழுந்த இடங்களுக்கு ரசாயனம் உதவும். பாஸ்பாரிக் அமிலம் துருவோடு சேர்ந்து எளிதில் கரையாத இரும்பு பாஸ்பேட்டாகிறது. டெல்லி இரும்புத் தூணில் இதற்கு ஓர் இயற்கை உதாரணம் உண்டு. சுமார் 1600 ஆண்டு பழமையான அந்தத் தூணின் இரும்பில் பாஸ்பரஸ் அதிகம். மேற்பரப்பில் பாஸ்பேட் கலந்த காப்புப் படலம் உருவாகி அதைக் காப்பதாகக் கான்பூர் ஐ.ஐ.டி.யின் ஆர். பாலசுப்பிரமணியம் ஆராய்ந்து விளக்கினார்.

கடைகளில் கிடைக்கும் துரு மாற்றிகள் சிலவற்றில் டானிக் அமிலம் இருக்கிறது. பூசினால் பழுப்புத் துரு நீலங்கலந்த கறுப்பாகும். கடுக்காயையும் அன்னபேதியையும் கலந்து மை காய்ச்சியவர்களுக்கு இந்தக் கறுப்பு நன்றாகத் தெரியும். அதே இரும்பு டானேட்தான் இது. ஆனால் இந்த மாற்றம் ரசாயனம் தொட்ட மேல்படலத்தில்தான் நிகழும். தடித்த துருச் செதிலைச் சுரண்டாமல் மேலே பூசினால், அடியில் பழைய கதை அப்படியே தொடரும்.

செய்யவே கூடாத ஒன்று, கழிப்பறை கழுவும் ஆசிட்டைத் துருவின் மேல் ஊற்றுவது. அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். துரு நொடியில் போய்விடும். மடிப்புக்குள் குளோரைடு தங்கிவிடும். கடற்காற்று பல ஆண்டில் சேர்க்கும் நஞ்சை ஒரே நாளில் உள்ளே இறக்கிய கணக்கு.

கடைசியில் அடைப்பது

சுத்தமாக்கிய இரும்பைத் திறந்தபடி விட்டால் நம் ஊர்க் காற்றில் ஒரு இரவிலேயே பழுப்பு படரும். உடனே பிரைமர் வேண்டும். நாம் கேட்டுக்கு அடிக்கும் ரெட் ஆக்சைடின் சிவப்பு நிறமியும் இரும்பு ஆக்சைடுதான். அது ஈரத்தைத் தடுக்கும் திரை. கீறல் விழுந்தால் அதன் வேலை முடிந்தது. துத்தநாகப் பிரைமர் அப்படியல்ல. இரும்பைவிட எளிதில் எலக்ட்ரானை விட்டுக்கொடுக்கும் துத்தநாகம், கீறல் விழுந்த இடத்திலும் தான் கரைந்து இரும்பைக் காக்கும். இதற்கு ஒரே நிபந்தனை, துத்தநாகத் துகள் இரும்பை நேராகத் தொட வேண்டும். ரெட் ஆக்சைடுக்கு மேல் அதை அடிப்பது வீண்செலவு.

இரும்புக்குத் துத்தநாகப் பூச்சு போடும் முறைக்கு பிரான்சின் ஸ்தனிஸ்லா சொரேல் 1837இலேயே காப்புரிமை வாங்கிவிட்டார். கார் உலகம் அதை முழுமையாக ஏற்க நூறாண்டுக்கு மேல் ஆனது; போர்ஷே கம்பெனி 1970களின் நடுவில்தான் பாடி முழுவதும் துத்தநாகம் பூசிய தகட்டுக்கு மாறியது. அதற்கு முந்தைய கார்களின் உட்கூடுகளில் பல இடங்களுக்கு பெயின்ட்டே போய்ச் சேர்ந்ததில்லை.

அந்த உட்கூடுகளுக்குத்தான் மெழுகு. வெல்டிங் முடிந்து, பெயின்ட்டும் முடிந்தபின், நீண்ட குழாய் முனையால் கதவடிப் பெட்டி, கதவின் உள்ளடி, சேசிஸ் கைகள் என்று எல்லா உட்கூட்டிலும் மெழுகைப் பீய்ச்ச வேண்டும். அது மடிப்புகளுக்குள் தானே ஊர்ந்து நுழைந்து ஈரத்தை வெளியே நிறுத்தும். பழைய வேஸ்ட் ஆயிலை அடியில் அடிப்பவர்கள் உண்டு. எஞ்சினில் எரிந்து சேர்ந்த அமிலமும் கரியும் அதில் இருக்கும். ரப்பர் புஷ்களை ஊதவைக்கும். மழையில் கழுவிப் போய் மண்ணைக் கெடுக்கும்.

கதவுக் கண்ணாடியோரம் வழியும் மழைநீர் கதவுக்குள் போவது குறையல்ல. கீழே உள்ள துளைகள் வழியே வெளியேறட்டும் என்றுதான் கதவைச் செய்திருக்கிறார்கள். பெயின்ட்டும் மெழுகும் அந்தத் துளைகளை அடைத்துவிட்டால் கதவு தொட்டியாகிவிடும். ஐப்பசி மழைக்கு முன்பு ஒரு கம்பியால் எல்லாத் துளைகளையும் குத்திவிடுவதும், சக்கர வளைவுச் சேற்றை நல்ல தண்ணீரால் கழுவுவதும் செலவில்லாத வைத்தியம். பிளாஸ்டிக் தார்ப்பாயால் காரை இறுகப் போர்த்தி வைப்பதைவிட, காற்றோட்டமான இடத்தில் நிறுத்தி அடிக்கடி ஓட்டுவது மேல்.

பழைய காரைப் புதுப்பிக்க உட்காருகிறவருக்குப் பணம் எப்போதும் குறையத்தான் செய்யும். பளபளக்கும் மேல்பெயின்ட்டா, யாருக்கும் தெரியாத உட்கூட்டு வேலையா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நிலைமை வந்தால், உட்கூட்டையே தேர்ந்தெடுக்க வேண்டும். மங்கிய பெயின்ட்டை அடுத்த ஆண்டுகூட அடித்துக்கொள்ளலாம். மடிப்புக்குள் கரைந்துபோன இரும்பைத் திரும்ப வைக்க, அடித்த புதுப் பெயின்ட்டையும் சேர்த்துத்தான் வெட்டி எறிய வேண்டியிருக்கும்.